சான்றிதழைத் திருப்பிப் படியுங்கள்: கற்றாழை பற்றிய கேள்விகளும் பதில்களும்

போன முறை மசாலாப் பொடி லேபிள்களைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதி, "இதே மாதிரி சோற்றுக்கற்றாழைக்கும் எழுதுங்கள்" என்று கேட்கின்றன. கேட்க வேண்டிய காரணம் இருக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எந்தப் பக்கம் கண்காட்சி நடந்தாலும் கற்றாழை சோப்பும் ஜெல்லும் இல்லாத கடை குறைவு. ராணிப்பேட்டைப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் உணவு, அழகுசாதன மாதிரிகளைச் சோதிக்கும் வேலையில்தான் என் காலம் பெரும்பாலும் போனது. அந்த மேசையில் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் இந்த இதழ் முழுவதும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நாங்கள் ஒடுகத்தூர் பக்கத்து மகளிர் குழு. கற்றாழை சோப்பு, ஜெல், ஜூஸ் மூன்றும் செய்து விற்கிறோம். ஒருவர் வந்து, "ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் வாங்கித் தருகிறேன், எட்டாயிரம் ஆகும். அது இருந்தால் சூப்பர் மார்க்கெட்டிலேயே எடுத்துக்கொள்வார்கள், வேறு எதுவும் தேவையில்லை" என்கிறார். கொடுக்கலாமா?
— ஒரு குழுத் தலைவி, ஒடுகத்தூர்

பதில்: கொடுக்க வேண்டாம் அம்மா. அந்தப் பணத்தைப் பத்திரமாக வையுங்கள், வேறு இடத்தில் தேவைப்படும்.

உரிமம் வேறு, சான்றிதழ் வேறு. உரிமம் சட்டம் கேட்பது, அது இல்லாமல் தயாரித்து விற்றால் குற்றம். சான்றிதழ் நீங்களாக விரும்பி வாங்குவது. "இவர் நன்றாக வண்டி ஓட்டுவார்" என்று பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த தாளைக் காட்டினால் போலீஸ்காரர் விட்டுவிடுவாரா? லைசென்ஸைத்தானே கேட்பார். உரிமம் இல்லாத குழுவிடம் இருக்கும் ஐ.எஸ்.ஓ. சான்றிதழும் அந்தத் தாள் மாதிரிதான்.

அப்புறம் இன்னொன்று. ஜெனீவாவில் இருக்கும் ஐ.எஸ்.ஓ. அமைப்பு தரவிதிகளை எழுதுவதோடு சரி, யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. கொடுப்பவை தனித்தனிச் சான்றளிப்பு நிறுவனங்கள். அந்த நிறுவனங்களுக்கு அங்கீகாரம் வழங்க இந்தியாவில் இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் என்.ஏ.பி.சி.பி. என்ற வாரியம் இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத நிறுவனம் அச்சடித்துத் தரும் தாளைப் பெரிய கடைக்காரர்கள் ஒரு பார்வையில் ஒதுக்கிவிடுவார்கள். 9001 என்ற எண் தர நிர்வாக முறைக்கு, 22000 உணவுப் பாதுகாப்பு முறைக்கு. இரண்டுமே நீங்கள் வேலை செய்யும் முறையைப் பார்த்துக் கொடுப்பவை. சோப்பில் கற்றாழை இருக்கிறதா என்று யாரும் அதற்காகச் சோதிப்பதில்லை. உங்கள் கூடத்துக்கு வந்து பார்க்காமல், ஒரு பதிவேட்டைக்கூடப் புரட்டாமல் கூரியரில் வந்து சேரும் சான்றிதழைப் பிளாஸ்டிக் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பத்துப் பெண்கள் வாராவாரம் சேர்த்த சேமிப்பு அது.

சரி, உங்களுக்கு உண்மையில் வேண்டியது என்ன? செடி ஒன்றுதான், ஆனால் அதை என்னவாக விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறும்.

சோப்பும் ஜெல்லும் அழகுசாதனப் பொருள்கள். 2020-ம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் தயாரிப்பு உரிமம் வாங்க வேண்டும். அந்த உரிமம் வரும் படிவத்தின் பெயர் சி.ஓ.எஸ்.-8. தனி இடம், நல்ல தண்ணீர், பதிவேடு, தகுதியுள்ள ஒருவரின் மேற்பார்வை எல்லாம் கேட்பார்கள். ஒரு குழுவால் இவ்வளவும் முடியவில்லை என்றால் லோன் லைசென்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே உரிமம் உள்ள ஒருவருடைய கூடத்தில் உங்கள் பொருளை உங்கள் பெயரில் செய்துகொள்வது. அதற்கு சி.ஓ.எஸ்.-9. அணைக்கட்டு ஒன்றியத்தில் உங்களைப் போன்ற இரண்டு மூன்று குழுக்கள் சேர்ந்தால் இந்த வழியில் போகலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்வேன்.

ஜூஸ் உணவு. அதற்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வேண்டும், இரண்டில் எது என்பது உங்கள் விற்றுமுதலைப் பொறுத்தது. சிறு குழுவுக்கான பதிவுக் கட்டணம் அந்த எட்டாயிரத்தின் பக்கத்தில்கூட வராது. அதே ஜூஸை மருந்து என்று சொல்லி விற்றால் கதை மாறிவிடும். அப்போது ஆயுஷ் உரிமம் வேண்டும், மருந்து விதிகளின் அட்டவணை 'டி' (ஆங்கில T) சொல்லும் நல்ல உற்பத்தி முறைப்படி கூடம் இருக்க வேண்டும், இந்திய மருத்துவத் துறை அலுவலகம் இருக்கும் சென்னை அரும்பாக்கம் போய்வர வேண்டும்.

நீங்கள் அனுப்பிய நோட்டீஸில் "சர்க்கரை நோய் குணமாகும்" என்று ஒரு வரி இருக்கிறது. அதை இன்றே எடுத்துவிடுங்கள். 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் சர்க்கரை நோயை வைத்திருக்கிறது. உரிமம் இருந்தாலும் அப்படி எழுத முடியாது.

கடைசியாக ஒரு யோசனை. ஜூஸை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். கற்றாழைச் சோறு ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர், கொஞ்சம் சர்க்கரை. நம் ஊர் வெயிலில் கிருமி வளர அதைவிட வசதியான இடம் கிடையாது. பாஸ்டரைசேஷன் என்னும் சூடாக்கிக் கிருமி நீக்கும் முறை, அமிலத்தன்மைக் கட்டுப்பாடு, மூடியின் சுத்தம் மூன்றும் கைக்கு வராமல் பாட்டிலில் அடைத்தால் குடிப்பவருக்கு ஆபத்து. சோப்பில் நின்று பழகுங்கள், ஜூஸ் பிறகு வரட்டும்.

கேள்வி: நான் மாதம் ஒரு லிட்டர் கற்றாழை ஜூஸ் வாங்குகிறேன். லேபிளில் "99 சதவீதம் கற்றாழை" என்று போட்டு, ஆங்கிலத்தில் ஐ.ஏ.எஸ்.சி. என்ற வட்ட முத்திரையும் இருக்கிறது. விலை மற்றவற்றைவிட மிக அதிகம். அந்த முத்திரைக்கு மதிப்பு உண்டா?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், குடியாத்தம்

பதில்: ஐயா, முத்திரை உண்மையானதாக இருந்தால் மதிப்பு உண்டு. அது இன்டர்நேஷனல் அலோ சயின்ஸ் கவுன்சில் என்ற அமெரிக்க அமைப்புடையது. கற்றாழை வியாபாரிகளே 1980-களின் தொடக்கத்தில் சேர்ந்து அமைத்த சங்கம். வியாபாரிகள் தாங்களே ஒரு காவலை ஏன் வைத்துக்கொண்டார்கள் என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

கற்றாழைச் சோற்றில் நூற்றுக்கு 99 பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதமிருக்கும் அந்தத் துளியில்தான் சரக்கு இருக்கிறது. அதில் முக்கியமானது அசிமன்னான் என்னும் நீண்ட சர்க்கரைச் சங்கிலி. அந்த வழவழப்பு அதனால் வருவது. நெடுநேரம் சூடாக்கினால் சிதையும், இலையை வெட்டிப் போட்டு வைத்தால் கிருமிகள் தின்றுவிடும். அதைப் பத்திரமாகப் பிரித்தெடுப்பது செலவு பிடித்த வேலை. அதற்குப் பதிலாக மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மலிவான மாவுச் சர்க்கரையைக் கலந்தால் எடை நிற்கும், பொடியும் வெள்ளையாக இருக்கும், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சந்தையில் இப்படிப் போலி பெருகினால் நல்ல சரக்கு விற்பவரும் பிழைக்க முடியாது. அதனால்தான் இந்தச் சங்கம்.

அவர்கள் அணுக்காந்த ஒத்ததிர்வுக் கருவியில், என்.எம்.ஆர். என்பார்கள், மாதிரியை வைத்துப் பார்க்கிறார்கள். ஒரே சோதனையில் அசிமன்னான் இருக்கிறதா, கற்றாழையில் இருக்க வேண்டிய மாலிக் அமிலமும் குளுக்கோஸும் இருக்கின்றனவா, மால்ட்டோடெக்ஸ்ட்ரின் கலந்ததா, கிருமி தின்று லாக்டிக் அமிலம் ஏறியிருக்கிறதா எல்லாம் தெரிந்துவிடும். காய்ந்த எடையில் அசிமன்னான் குறைந்தது 5 சதவீதம் இருக்க வேண்டும். குடிக்கும் பொருளில் அலோயின் என்னும் பேதிப் பொருள் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இது இரண்டும் முக்கியமான கோடுகள்.

நீங்கள் பார்க்க வேண்டியது இதுதான். அந்தச் சங்கத்தில் ஒரு நிறுவனம் உறுப்பினராக இருப்பது வேறு, அதன் ஒரு பொருள் சான்று பெற்றிருப்பது வேறு. முத்திரை ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகக் கொடுப்பது. சான்று பெற்ற பொருள்களின் பட்டியலை அவர்கள் இணையத்தில் வைத்திருக்கிறார்கள். பேரப் பிள்ளைகளிடம் சொல்லி உங்கள் பாட்டிலின் பெயர் அதில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பெயர் மட்டும் இருந்தால் போதாது.

99 சதவீதம் என்பதைப் பற்றி. உறைய வைத்து உலர்த்திய கற்றாழைப் பொடி 200 மடங்கு அடர்த்தி என்று விற்கிறது. 200 கிலோ சோற்றிலிருந்து ஒரு கிலோ பொடி. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் பொடியைக் கரைத்தால் பழையபடி சோற்றுச் சாறு அளவுக்கு வந்துவிடும், அதை 99 சதவீதம் என்று எழுதுகிறார்கள். பொடி நல்லதாக இருந்தால் இதில் தப்பே இல்லை. ஆனால் அந்த 5 கிராமில் 2 கிராம் மால்ட்டோடெக்ஸ்ட்ரினாக இருந்தாலும் லேபிளில் அதே 99 சிரித்துக்கொண்டுதான் இருக்கும். ஆகவே அந்த எண்ணுக்காக அதிக விலை கொடுக்காதீர்கள் ஐயா. முத்திரை பட்டியலில் இருந்து, விலையும் தாங்கினால் வாங்குங்கள். தாங்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அது இல்லாமல் உடம்பு ஒன்றும் கெட்டுவிடாது.

கேள்வி: மேடம், நான் வாலாஜாவில் சிறிய அளவில் கற்றாழை ஜெல், சோப்பு தயாரித்து ஆன்லைனில் விற்கிறேன், உரிமம் இருக்கிறது. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் கொடுத்து வாங்கிய அறிக்கையை "தரச்சான்று" என்று பக்கத்தில் போட்டிருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர், "இது சான்றே இல்லை" என்று சண்டை போடுகிறார். அவர் சொல்வது சரியா?
— இளம் தொழில்முனைவர், வாலாஜாபேட்டை

பதில்: சரிதான் தம்பி. அவர் மேல் கோபப்பட வேண்டாம், உங்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். "இந்த முடிவுகள் எங்களிடம் கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்." பக்கத்திலேயே, மாதிரியை எடுத்தவர் யார் என்ற இடத்தில் "வாடிக்கையாளர்" என்று இருக்கும். இந்த இரண்டு வரியை நான் எத்தனை அறிக்கையில் தட்டச்சு செய்தாலும் வாங்குபவர்கள் முதல் பக்கத்து முத்திரையை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் சிறப்பாகச் செய்த ஒரு குப்பியை எங்களிடம் கொண்டுவந்தீர்கள். நாங்கள் அந்தக் குப்பியைத்தான் சோதித்தோம். அடுத்த மாதம் நீங்கள் ஊற்றிய தொகுதியை, பேட்ச் என்பார்கள், யாரும் பார்க்கவில்லை. என்.ஏ.பி.எல். என்பது எங்கள் ஆய்வுக்கூடம் ஒழுங்காகச் சோதிக்கிறது என்பதற்கான அங்கீகாரம். உங்கள் ஜெல்லுக்கு அது ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் "தரச்சான்று" என்ற சொல்லை எடுத்துவிட்டு, "தொகுதி எண் இன்னது, சோதித்த தேதி இன்னது, ஆய்வறிக்கை" என்று போடுங்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் போட்டால் அந்த வாடிக்கையாளரே உங்களுக்காக நாலு பேரிடம் பேசுவார்.

எதைச் சோதிப்பது? ஜெல்லுக்கு மொத்த நுண்ணுயிர் எண்ணிக்கை, ஈஸ்ட், பூஞ்சை, காரீயம், ஆர்செனிக், பாதரசம், அமிலத்தன்மை அளவு. இவை உள்ளூரிலேயே முடியும், செலவும் தாங்கக்கூடியதுதான். அசிமன்னானைப் பார்க்கும் என்.எம்.ஆர். சோதனை விலை கூடியது. அதை ஒவ்வொரு தொகுதிக்கும் செய்ய வேண்டியதில்லை. பொடியோ சாறோ வெளியில் வாங்குகிறீர்கள் என்றால் விற்பவரிடம் அவருடைய தொகுதி அறிக்கையைக் கேளுங்கள், வருடத்துக்கு ஒரு முறை நீங்களே தனியாக அனுப்பிச் சரிபாருங்கள்.

சோப்புக்கு அசிமன்னான் சோதனை வேண்டவே வேண்டாம். சோப்பு காரத்தன்மை உள்ளது. அசிமன்னானில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் பகுதிகள்தான் அதன் அடையாளம், காரத்தில் அவை கழன்றுவிடும். கற்றாழை சோப்பில் கற்றாழையைத் தேடுவதைவிட, சோப்பு சோப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நியாயம். மொத்தக் கொழுப்புப் பொருள் எவ்வளவு, கட்டுப்படாத காரம் மிச்சமிருக்கிறதா என்ற இரண்டையும் சோதியுங்கள். குளியல் சோப்புக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 2888-ல் முதல் தரத்துக்குக் கொழுப்புப் பொருள் 76 சதவீதம். உங்கள் சோப்பு எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு அதை அப்படியே அட்டையில் போடுங்கள்.

ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனம் 2016-ல் அமெரிக்காவில் பெரிய கடைகள் சொந்தப் பெயரில் விற்ற கற்றாழை ஜெல்களை வாங்கிச் சோதிக்கக் கொடுத்தது. சிலவற்றில் அசிமன்னான், மாலிக் அமிலம், குளுக்கோஸ் மூன்றுமே தென்படவில்லை. விற்றவர்கள் மறுத்தார்கள். ஆனாலும் கற்றாழை என்று நம்பி வெயில் பட்ட தோலில் தடவிய மக்களுக்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்? நீங்கள் இளைஞர். பெரிய கடைகள் இழந்த நம்பிக்கையை நீங்கள் சம்பாதிக்க முடியும்.

கேள்வி: என் அம்மாவுக்குச் சர்க்கரை நோய், மாத்திரை சாப்பிடுகிறார். கடை ஜூஸில் கலப்படம் என்று சொல்லி, கொல்லையில் இருக்கும் கற்றாழையைத் தோலோடு மிக்ஸியில் அடித்துத் தினமும் குடிக்கிறார். அடிக்கடி வயிறு போகிறது, "கழிவு வெளியேறுகிறது" என்கிறார். வீட்டுச் செடிக்கு எந்தச் சான்றும் தேவையில்லைதானே?
— இல்லத்தரசி, மேல்விஷாரம்

பதில்: அம்மாவை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு மற்றதைப் பேசலாம்.

கற்றாழை இலையை வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு பால் வடியும். அதில் இருப்பதுதான் மேலே சொன்ன அலோயின். அந்தப் பாலைக் காயவைத்தால் கரியபோளம், மூசாம்பரம் என்றும் சொல்வார்கள். சித்த வைத்தியர்கள் அளவு பார்த்து, தேவை பார்த்துப் பயன்படுத்தும் மருந்துச் சரக்கு. அதைத்தான் உங்கள் அம்மா தோலோடு அடித்துத் தினமும் குடிக்கிறார். வயிறு போவது அந்தப் பாலின் வேலை. கூடவே உடம்பிலிருந்து பொட்டாசியமும் போகும். இதய மாத்திரையோ நீர் பிரியும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இது பெரிய ஆபத்து. சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கவும் வாய்ப்பு உண்டு. கர்ப்பிணிகள் இதன் பக்கமே போகக் கூடாது.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2002-லேயே கடையில் சீட்டு இல்லாமல் விற்கும் பேதி மருந்துகளில் கற்றாழைப் பாலை அனுமதிக்க முடியாது என்று சொல்லிவிட்டது. மஞ்சள் பாலை நீக்காத முழு இலைச் சாற்றை எலிகளுக்கு இரண்டு ஆண்டுகள் கொடுத்த ஆய்வில் பெருங்குடலில் கட்டிகள் வந்தன. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முழு இலைச் சாற்றை "2பி" பிரிவில், அதாவது மனிதருக்கும் புற்றுநோய் வரவழைக்கக்கூடும் என்ற வரிசையில் வைத்திருக்கிறது. இது பால் நீக்கிய உள்சோற்றுக்குச் சொன்னதில்லை. அம்மா குடிப்பதோ முழு இலையை.

நம் வீடுகளில் பாட்டிமார் கற்றாழைச் சோற்றை ஏழு முறை கழுவச் சொல்வார்கள். அது வெறும் சம்பிரதாயமாக வந்ததில்லை. இலையை அடியோடு வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு பாத்திரத்தில் சாய்த்து நிறுத்தி, மஞ்சள் முழுக்க வடியவிட்டு, முள் ஓரங்களையும் தோலையும் தாராளமாகச் சீவி, கண்ணாடி போல இருக்கும் சோற்றை மட்டும் எடுத்து, கசப்பு போகும்வரை கழுவ வேண்டும். அப்படிக் கழுவியதையும் அம்மா மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். வீட்டுச் செடி என்பதற்காக வயிறு அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: கே.வி.குப்பம் பக்கம் ஒன்றரை ஏக்கரில் கற்றாழை போட நினைக்கிறேன். ஒரு நிறுவனம் கன்று கொடுத்து, இலையைத் தாங்களே வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறது, ஆனால் "இயற்கை விவசாயச் சான்று இருந்தால்தான்" என்கிறது. சான்று அவர்களே ஏற்பாடு செய்வார்களாம், கன்று விலையோடு சேர்த்துக் கட்ட வேண்டுமாம்.
— ஒரு விவசாயி, கே.வி.குப்பம்

பதில்: கன்றையும் அவரே விற்று, சான்றையும் அவரே விற்று, விளைச்சலை மட்டும் பிறகு வாங்குகிறேன் என்றால், அவருடைய வருமானம் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள் ஐயா. கன்று விற்றவுடன் அவர் லாபம் முடிந்துவிட்டது. உங்கள் இலை அவருக்குத் தேவையே இல்லாமல் போகலாம். தமிழ்நாட்டில் ஒப்பந்தப் பண்ணையத்துக்கு 2019-ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. ஒப்பந்தத்தை அந்தச் சட்டப்படி பதிவு செய்யச் சம்மதமா என்று கேளுங்கள். முகம் மாறினால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

சான்றைப் பொறுத்தவரை, ஏற்றுமதிக்குப் போகும் சரக்கு என்றால் என்.பி.ஓ.பி. என்னும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் கீழ் சான்று வேண்டும். அதை வழங்கும் அரசுத் துறை நம்மிடமே இருக்கிறது, கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை. பல வருடப் பயிருக்கு முதல் அறுவடைக்கு முன் 3 ஆண்டுகள் மாற்றுக் காலம், அதாவது ரசாயனத்தை விட்டு நிலம் இயற்கை முறைக்கு மாறும் காலம். இடையில் ரசாயன உரம் ஒரு மூட்டை விழுந்தாலும் கணக்கு கெடும். உள்நாட்டில் விற்க மட்டும் என்றால் பி.ஜி.எஸ். இருக்கிறது. பக்கத்து விவசாயிகள் குறைந்தது ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று சொல்லும் முறை. உங்களுக்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன். விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

நம் பகுதிக்கே உரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாலாற்றங்கரை நெடுக, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம், தோல் பதனிடும் கழிவு நிலத்தடி நீரில் இறங்கிய கதை உங்களுக்குத் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பே சொன்னது. நீங்கள் இருக்கும் இடம் அதற்குத் தள்ளி இருக்கலாம். இருந்தாலும் கன்று வாங்கும் முன் கிணற்றுத் தண்ணீரையும் மண்ணையும் உப்புக்கும் குரோமியத்துக்கும் சோதித்துவிடுங்கள். இயற்கைச் சான்று நீங்கள் என்ன போட்டீர்கள் என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கும். முன்பே மண்ணில் இறங்கியிருப்பதை இலை வாங்குபவர் தன் ஆய்வகத்தில் பார்ப்பார்.

இலையை எப்படி வெட்டி எப்படி அனுப்புகிறீர்கள் என்பதும் தரம்தான். விடியற்காலையில் வெட்டி, நிழலில் வைத்து, சில மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும். மே மாத மதியத்தில் வெட்டி, தார்ப்பாய் போட்ட லாரியில் சென்னை வரை போன இலைக்கு எத்தனை சான்று ஒட்டினாலும் உள்ளே அசிமன்னான் மிஞ்சாது. அரை மணி தூரத்தில் ஆலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: ஜெல் நல்ல பச்சையாக இருந்தால் கற்றாழை அதிகம் என்று அர்த்தமா?
— கல்லூரி மாணவி, காட்பாடி

பதில்: இல்லை கண்ணு. கற்றாழைச் சோற்றுக்கு நிறமே கிடையாது. சேர்மானப் பட்டியலில் சி.ஐ. 19140, சி.ஐ. 42090 என்று இருந்தால் மஞ்சளும் நீலமும் கலந்து பச்சை ஆக்கியிருக்கிறார்கள் என்று புரிந்துகொள். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவு குறையும் வரிசையில் எழுத வேண்டும் என்பது விதி. ஒரு சதவீதமோ அதற்குக் கீழோ உள்ளவற்றை எந்த வரிசையிலும் எழுதலாம். பினாக்ஸிஎத்தனால் என்ற கெடாமல் காக்கும் பொருளை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. அதற்குப் பின்னால், பொடியாக இல்லாமல் கற்றாழைச் சாறாக, 'அலோ பார்படென்சிஸ்' என்று வந்தால் அந்த ஜெல்லில் கற்றாழை ஒரு சதவீதத்தைத் தாண்டவில்லை, அட்டையில் எவ்வளவு பெரிய இலை வரைந்திருந்தாலும்.

கேள்வி: ஆலங்காயத்தில் இருக்கிறோம். எங்கள் உணவு உரிமத்திலும் லேபிளிலும் இன்னும் வேலூர் மாவட்டம் என்றே இருக்கிறது. பரவாயில்லையா?
— சிறு உற்பத்தியாளர், ஆலங்காயம்

பதில்: 2019-லேயே திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆகிவிட்டதே. மாற்றிவிடுங்கள். ஆய்வுக்கு வரும் அலுவலரும், புகார் போகும் அலுவலகமும் இப்போது வேறு. உரிமத்தில் திருத்தம் வந்த பிறகு புது லேபிள் அடியுங்கள், முன்னாலேயே அடித்துக் காசை வீணாக்க வேண்டாம்.

கேள்வி: ஜூஸ் பாட்டிலில் இருக்கும் 14 இலக்க உணவு உரிம எண் உண்மையா பொய்யா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
— மளிகைக் கடைக்காரர், ஆற்காடு

பதில்: அண்ணாச்சி, கடைக்காரரே இதைக் கேட்பது எனக்குப் பெரிய சந்தோஷம். முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் பதிவு. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 24, மத்திய உரிமம் என்றால் 00. அதற்கடுத்த இரண்டும் எண் வழங்கிய ஆண்டு. ஆக, 'தமிழ்நாட்டுத் தயாரிப்பு, மாநில உரிமம்' என்று சொல்லி 124-ல் தொடங்காத எண்ணைக் காட்டினால் கேள்வி கேளுங்கள்.

அதோடு நிற்காமல் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் எண்ணை அடித்துப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரும் முகவரியும் பாட்டிலில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும், உரிமம் நடப்பில் இருக்க வேண்டும். ஊறுகாய்க்கு வாங்கிய எண்ணை ஜூஸுக்குப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் உரிமத்தில் எந்த வகைப் பொருள் எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். மாறியிருந்தால் அந்தச் சரக்கை அலமாரியிலிருந்து எடுத்துத் தனியாக வையுங்கள், திறக்க வேண்டாம். தொகுதி எண்ணைக் குறித்து, வாங்கிய பில்லோடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பில் இல்லாமல் வாங்கியிருந்தால் நீங்களே மாட்டிக்கொள்வீர்கள், இனி பில் தராத ஏஜென்டிடம் ஒரு பாட்டில்கூட எடுக்காதீர்கள்.